தைப்பூசத்துக்கு ஒன்பது நாட்கள் முன்பு

பன்னிரண்டு மாதம் எண்ணுங்கள் என்றார் அந்தத் தாதி. கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்க கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தேன். குளிரூட்டி ஓடும் அறையில் நான் மட்டும் முகம் சிவந்து வியர்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவராகவே பேச்சை எடுத்தார். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால் நின்றுவிட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு வந்தாலும் காத்திருக்காதீர்கள், உடனே வந்து காட்டுங்கள். இதை அவர் மலாயில் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். புரியாமல் போய்விட்டது என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீடும் நிலமும் கைமாறும்போது எழுதப்படும் பத்திரங்களைத் தயாரிக்கும் பிரிவு. இருபத்தாறு வருடமாக என் வேலையில் பாதி தேதி எழுதுவதுதான். கையெழுத்தான தேதி, முத்திரை வைத்த தேதி, பதிவுக்குக் கொடுக்க வேண்டிய தேதி. ஒரு தேதி தவறினால் ஒரு குடும்பத்தின் வீடு மாதக்கணக்கில் தொங்கும். நான் தவறவிட்டதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலாளி என் கோப்புகளைத்தான் எடுத்துக் காட்டுவார்.

ஐம்பது வயதில் உடம்பு மாறத் தொடங்கியது. வெயிலில் பூட்டிவிட்டுப் போன காரின் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே ஒரு வெப்பம், அது எனக்கு உள்ளிருந்து வந்தது. மார்பில் தொடங்கிக் கழுத்து, காது, உச்சந்தலை. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு நனைந்த ரவிக்கையோடு குளிரில் நடுங்குவேன். கிள்ளானிலிருந்து தினமும் கோமுட்டர் ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். பெண்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் ஒரு மணி நேரப் பயணம். ஷா ஆலாம் தாண்டுவதற்குள் குளிர்ச்சட்டையை மூன்று முறை கழற்றி மூன்று முறை போடுவேன்.

எதிர் இருக்கையில் வழக்கமாக உட்காரும் ஒரு மலாய்ப் பெண்மணி ஒரு நாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். அறுபது வயது இருக்கும். வயதான மலாய்ப் பெண்களை நாங்கள் மக்சிக் என்று அழைப்போம்.

"பானாஸ், யா?" என்றார். சூடா என்று கேட்கிறார்.

"பானாஸ், மக்சிக்."

அவர் தன் பைக்குள் கையை விட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன மின்விசிறியை எடுத்துக் காட்டினார். தனக்கு ஏழு வருடம் இருந்தது என்று விரல்களை விரித்தார். அன்று மாலையே நானும் அதுபோல ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு அதைக் கழற்றியதே இல்லை. நான் வீட்டில் எங்கே இருக்கிறேன் என்பதை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் என் மகள் கண்டுபிடிப்பாள்.

ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். அலுவலக மேசை இழுப்பறையில் ஒரு பருத்தி ரவிக்கை. தலையணை மேல் துண்டு. கணவருக்கும் எனக்கும் தனித்தனிப் போர்வை. பத்து மணிக்குக் குடிக்கும் தே தாரேக் பால்தேநீரை விட்டுவிட்டுச் சர்க்கரை போடாத சோயா பால். சம்பாலில் மிளகாய் பாதி. மாலையில் வீட்டைச் சுற்றி அரை மணி நேர நடை. தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் பெயர் மறந்துபோகும். அதனால் யார் பேசினாலும் முதலில் பெயரைத் தாளில் எழுதிக்கொள்வேன். இவற்றைப் பற்றியெல்லாம் எல்லோரிடமும் பேசினேன். அலுவலகத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினேன்.

பேசாதது ஒன்றுதான்.

அதற்கு என் மகளின் காய்ச்சலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்திய மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கி வந்தது. அவள் ஒரே பிள்ளை. அப்போது பதினெட்டு வயது. இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. காலையிலும் மாலையிலும் இரத்தம் எடுத்து, கட்டில் காலில் தொங்கிய அட்டையில் எண்ணை எழுதினார்கள். ஒவ்வொரு எண்ணும் முந்தியதைவிடச் சின்னதாக இருந்தது. நான்காவது நாள் ஈறில் இரத்தம் கசிந்தது. நான் வார்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, இவளைக் கொடுத்துவிடு முருகா, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் எண் நின்றது. அதற்கடுத்த நாள் ஏறியது.

அதையடுத்த தைப்பூசம் ஜனவரியில் வந்தது. இருபத்தொரு நாள் விரதம் இருந்தேன். இரண்டு நாள் இருக்கும்போது மாதவிலக்கு வந்துவிட்டது. மூன்று மாதமாக வராதது, சரியாக அன்றைக்கு. பால்குடத்துக்கு வாங்கி வைத்த செம்பை அப்படியே பூசை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"பரவால்ல லா ம்மா, அடுத்த வருஷம் எடுக்கலாம்," என்றாள் மகள்.

மார்ச் மாதம் அவளுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். இரண்டு நாளில் போய்விட்டது. எனக்குப் போகவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்று யாரோ வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. அவள் தும்மினாலும் எனக்கு அந்தச் செம்பு நினைவுக்கு வந்தது.

நல்ல வேளையாக, அந்த ஜனவரிக்குப் பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை. மாதங்களை எண்ணினேன். அலுவலகக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு கோடு போட்டேன். பன்னிரண்டாவது கோடு போட்ட அன்று முன்மேசையில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். எதையும் உரக்கத்தான் சொல்வார்.

"அலாமா, லைசென்ஸ் கெடச்சிருச்சு! இனிமே காலண்டர் பாக்க வேணாம். எந்தக் கோயிலு, எந்த நாளு, ஒன் இஷ்டம்."

"மெல்ல பேசுங்கக்கா, பாஸ் உள்ள இருக்காரு."

"இருந்தா என்னா? அவருக்கும்தான் வயசாவுது. அவரு லைசென்ஸு போயிருச்சு, ஒனக்கு வந்திருச்சு."

அடுத்த தைப்பூசம் பிப்ரவரியில் வந்ததால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் சில நாட்களும் கிடைத்தன. மறுபடியும் விரதம் தொடங்கினேன். வீட்டில் மரக்கறிச் சமையல். நான் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். பூசத்துக்கு ஒன்பது நாட்கள் இருக்கும்போது, அலுவலகக் கழிப்பறையில் பார்த்தேன்.

மூன்று சொட்டு. கறுத்த காபி நிறம்.

அந்தக் கணத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதைப் பலமுறை திரும்பப் போய்ப் பார்த்துவிட்டேன். தாதி சொன்னது நினைவுக்கு வந்தது. வராமல் இல்லை. வந்தது, பின்னால் எங்கோ வரிசையில் நின்றது. முன்னால் நின்றது வேறு கேள்வி. நான் பத்துமலைப் படியேறலாமா, கூடாதா? இன்று தொடங்கி ஐந்து நாளில் நின்றால் தலைக்குக் குளித்துவிட்டு ஏறலாம். ஏழு நாள் ஆனால்? முன்பெல்லாம் எனக்கு எட்டு நாள் வரை போகும். கழிப்பறையில் உட்கார்ந்து, பத்திரம் பதிவுக்குப் போகும் நாளைக் கணக்குப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஏன் வந்தது என்று கேட்கவில்லை. எப்போது நிற்கும் என்று மட்டும் கேட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். என்னை யாருக்கும் தெரியாத இடம். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை பற்றி எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பூசத்துக்கு, கல்யாணத்துக்கு, தீமிதிக்கு என்று வாங்குவார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பூசத்துக்கா ஆன்டி?"

"ஆமா ம்மா."

"எல்லாரும் அதுக்குத்தான் வராங்க. ஐசி குடுங்க."

டாக்டர் சின்ன வயதுப் பெண். தமிழ்ப் பெண்தான். என் அடையாள அட்டையைப் பார்த்து வயதைக் கணக்குப் போட்டார்.

"ஆன்டி, கடைசியா எப்ப வந்துச்சு?"

"போன மாசம்," என்றேன். "பதினெட்டாம் தேதி."

"மாசா மாசம் சரியா வருதா? முன்ன பின்ன ஆவுதா?"

"சரியாத்தான் வருது."

"இந்த வயசுல முன்ன பின்ன ஆவும் ஆன்டி. அதான் கேக்குறேன்."

"எனக்கு இல்ல டாக்டர். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் லேட்டாத்தான் நிக்கும்."

அவர் எழுதிக்கொண்டார். பதினெட்டாம் தேதி. எங்கிருந்து வந்தது அந்தத் தேதி என்று எனக்கே தெரியாது. என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய்த் தேதி அது. உண்மையைச் சொன்னால் மாத்திரை தரமாட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியென்றால், ஏன் அனுப்புவார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

மாத்திரை வேலை செய்தது. இரண்டாம் நாளே நின்றுவிட்டது.

பூசத்தன்று விடிந்ததும் ஆற்றோரம் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, பால்குடம் எடுத்தேன். கணவர் கீழேயே நின்றுகொண்டார். அவருக்கு முட்டி வலி. மகள் எனக்குப் பின்னால் ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலும் ஒரு கையில் என் கழுத்து விசிறியுமாக வந்தாள். பாதிப் படியில் எனக்கு அந்தச் சூடு வந்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே குடத்தில் இருந்தன. அவள் ஒரு படி மேலே ஓடி, என் முகத்துக்கு நேராக விசிறியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே ஏறினாள்.

"விழுந்துடாத டீ."

"நீங்க குடத்தப் பாருங்க. நான் ஒங்களப் பாக்குறேன்."

மேலே போனோம். பால் ஊற்றினார்கள். வெறும் செம்பு திரும்பக் கைக்கு வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. சந்தோஷம் இல்லை, பயமும் இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு குரங்கு யாரோ விட்டுப்போன வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் மறுபடியும் வந்தது. மாத்திரையை விட்டால் வரத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டேன். நின்றது. பத்து நாள் கழித்து வந்தது. இது இன்னும் அந்த மாத்திரைதான் என்று சொல்லிக்கொண்டேன். இப்படி ஒன்பது வாரம். எனக்கு நின்றுவிட்டது என்று வீட்டில் தெரியும் என்பதால் நாப்கினை கேஎல் சென்ட்ரலில் வாங்கிக் கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக் குப்பையில் போடாமல் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து போட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல ஒளித்தேன். உண்மையைச் சொன்னால், தீட்டை மாத்திரையால் மறைத்துப் படியேறியதையும் சொல்ல வேண்டும். என் மகளின் உயிருக்காக வேண்டியதை நான் அப்படிக் கொடுத்தேன் என்று அவள் அறியக் கூடாது. அறிந்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம்கூட இருந்தது. படித்தவள்தான் நான். படிப்பு அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை.

இதே நாட்களில் அலுவலகத்தில் என் வியர்வையைப் பற்றிய சிரிப்பெல்லாம் வழக்கம்போல நடந்தது. விசிறியைக் கழுத்தில் மாட்டியபடி நானே எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

ஏப்ரலில் ஒரு மாலை, வீடு திரும்பும் ரயிலில், சுபாங் தாண்டியதும் உடம்பிலிருந்து ஏதோ கழன்று விழுந்ததுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். வெளிர்நீலப் பாவாடை. எழுந்திருக்க முடியவில்லை. எதிரில் அந்த மக்சிக் இருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு இருக்கையைப் பார்த்தார். எழுந்து வந்து என் குளிர்ச்சட்டையை எடுத்து இடுப்பில் சுற்றிக் கட்டினார். தன் பையிலிருந்து ஈரத்தாள் எடுத்து இருக்கையைத் துடைத்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, நின்று எத்தனை வருடம் ஆகிறது என்று மலாயில் கேட்டார்.

"ஒன்று," என்றேன்.

"பிள்ளைக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் என் தொலைபேசியை என் மடியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். அவ்வளவுதான். மகளை அழைத்து, இரத்தம் வந்துவிட்டது, காரோடு வா என்றேன்.

கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் மகள் காரோடு நின்றாள். இருக்கையில் துண்டு விரித்திருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பவில்லை.

"எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நாளைக்குப் போலாம் ம்மா. அப்பா வரட்டும்."

"அப்பாவ நேரா அங்க வரச் சொல்லிட்டேன். பேசாம வாங்க."

பெண்கள் பிரிவில் இருந்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண். நிதானமாகப் பேசினார். மகள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கேள்விகள் வரிசையாக வந்தன. எத்தனை பிள்ளை, சர்க்கரை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா. கடைசியாக மாதவிலக்கு எப்போது? போன வருடம் ஜனவரி என்றேன். அதற்குப் பிறகு முதன்முதலில் இரத்தம் எப்போது வந்தது?

மகளின் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"இன்றைக்குத்தான்," என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மகள் தன் கைப்பையைத் திறந்து, கிளினிக் தேதி எழுதிய உறையோடு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். தள்ளிப்போடும் மாத்திரை. கடைசியில் மிஞ்சியவற்றை நான் பூசை அலமாரியில், வெறும் செம்புக்குள் போட்டு வைத்திருந்தேன்.

"பூசத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி இத சாப்ட்டாங்க டாக்டர்," என்றாள் மலாயில். பிறகு என்னைப் பார்க்காமல் தமிழில் சொன்னாள். "செம்பு வெளக்கலாம்னு எடுத்தேன். ஒரு வருஷமா வரலன்னா எதுக்கு ம்மா தள்ளிப்போடுற மாத்திர? நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு வாரமா வெய்ட் பண்ணேன்."

நான் டாக்டரிடம் தேதியைச் சொன்னேன். பூசத்துக்கு ஒன்பது நாட்கள் முன்பு. பிப்ரவரி, இரண்டாம் தேதி, காலை பதினொன்றரைக்கு மேல். கேட்காத நேரத்தையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே சரியான தேதியை எழுதினார். இப்படி வரும் இரத்தப்போக்கில் பெரும்பாலானவை பயப்படும்படி இருக்காது, ஆனால் பார்க்காமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது, அதனால்தான் உடனே வரச் சொல்கிறோம் என்றார். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது இரத்தத்தை நிறுத்தும், காரணத்தை நிறுத்தாது என்றார்.

கர்ப்பப்பையின் உட்சுவரை ஸ்கேன் செய்தார்கள். இருக்க வேண்டியதைவிடத் தடித்திருந்தது. மெல்லிய குழாய் ஒன்றை விட்டுத் துளி சதை எடுத்தார்கள். வலித்தது. விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

காரில் திரும்பும்போது கணவர் ஓட்டினார். அவர் பண்டமாரானில் கண்டெய்னர் யார்டு ஒன்றில் மேற்பார்வையாளர். எதையும் ஒரே வரியில் சொல்லி முடிப்பவர். மகள் பின்னால் இருந்தாள். அந்தச் சின்ன கிளினிக்கில் சொன்ன பொய்வரைக்கும் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"தீட்டோட ஏறிட்டேங்க," என்றேன் அவரிடம். "அதான் சாமி..."

"சாமிகிட்ட நீ என்னா பொய் சொன்ன? டாக்டர்கிட்டதானே சொன்ன. மன்னிப்பு கேக்குறதுன்னா அந்த கிளினிக் பொண்ணுகிட்ட போய்க் கேளு."

"இவளுக்காகத்தானே..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க," என்றாள் மகள் பின்னாலிருந்து. சத்தமாக இல்லை. "எனக்கு டெங்கி வந்தப்ப நீங்க என்ன எங்க தூக்கிட்டுப் போனீங்க? கோயிலுக்கா? ஆஸ்பத்திரிக்குத்தானே? அதுக்கப்பறம்தானே வேண்டிக்கிட்டீங்க. ஒங்களுக்கு வந்தா மட்டும் ஏன் ம்மா முதல்ல சாமி?"

சிவப்பு விளக்கில் நின்றபோது என் கழுத்து விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், துணி மடித்தேன். என் மகள் இனி யார் துணையில் இருப்பாள் என்று ஒரு நாளும் நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. யோசிக்க முயன்றேன். மனம் நனைந்த பஞ்சுபோல் கிடந்தது. அலுவலகத்தில் முன்மேசை அக்காவிடம் சொன்னபோது அவர் முதன்முறையாக மெல்லப் பேசினார்.

"லைசென்ஸுன்னு நான் வாய் வெச்சுட்டேன் லா."

"நீங்க என்னாக்கா பண்ணுவீங்க? வண்டிய ஓட்டுனது நான்தானே."

அவர் சிரித்தார். பிறகு கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அடுத்த வாரம் அவரும் பரிசோதனைக்குப் போனார். ஐந்து வருடத்துக்கு முன் தனக்கும் ஒரு முறை வந்ததாம், யாரிடமும் சொல்லவில்லையாம். அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்தது.

எனக்குப் புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர். ஆனால் சுவர் தடித்து வளர்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் சிலருக்கு அந்தப் பக்கம் போகலாம். ஹார்மோன் கசியும் சின்னச் சாதனம் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் பொருத்தினார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். சூட்டுக்கும் வியர்வைக்கும் ஹார்மோன் மாத்திரை கேட்டேன். இப்போது வேண்டாம், உட்சுவர் அடங்கட்டும், பிறகு பேசலாம் என்றார். அதுவரை விசிறியும் துண்டும் பருத்தி ரவிக்கையும்தான்.

நல்ல செய்தி என்று எல்லோரும் சொன்னார்கள். கணவர் அன்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து என்னை அழைத்துக்கொண்டு வாழை இலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். ரசம் சூடாக இருந்தது. எனக்கு வியர்த்தது. அவர் தன் செய்தித்தாளை மடித்து எனக்கு வீசினார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. இதற்காகவாவது எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று நினைத்தேன். அப்பளத்தை உடைத்துச் சாப்பிட்டேன்.

மகள் சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். தினமும் காலையில் அவள் வகுப்புக்குப் போகும் முன் கேட்பாள்.

"நேத்து எத்தன தடவ சூடு வந்துச்சு?"

"ஏழு."

"தூக்கம்?"

"நாலு மணி நேரம்."

"ரத்தம்?"

"இல்ல."

"நெஜமா?"

"நெஜமா."

அந்த 'நெஜமா'வை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. முன்பு அவள் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. சின்ன வயதில் நான் சொன்னால் அதுதான் அவளுக்கு. ஐந்து மாதத் தாள்கள் இப்போது ஒரு கோப்பில் இருக்கின்றன. பொருத்திய முதல் சில வாரங்கள் கசிவு இருந்தது, அதையும் சொன்னேன். ஒரு நாள் ஒரு சின்னக் கறை, கறையா இல்லையா என்றே தெரியவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். வாசல்வரை போய்ச் சொன்னேன். அவள் ஒரு காலில் நின்றபடியே வந்து தாளில் குறித்துவிட்டுப் போனாள்.

நேற்று இரண்டாவது பரிசோதனைக்குப் போனோம். முடிவு இன்னும் வரவில்லை. என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. காத்திருக்கும் அறையில் ஒரு புதிய படிவம் கொடுத்தார்கள். மலாயில் கேள்விகள். பெயர், வயது, முகவரி. அதற்குக் கீழே, நின்றுபோன பிறகு முதன்முதலில் இரத்தம் கண்ட தேதி. பேனாவை வைத்தபோது சூடு வந்தது. கழுத்து நனைந்தது, தலைக்குள் எல்லாம் அழிந்துவிட்டதுபோல் ஆனது. தேதி நினைவுக்கு வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. இருபத்தாறு வருடமாகத் தேதி எழுதுகிறவள், அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதாமல் இருப்பதை மகள் என்னவென்று நினைப்பாள் என்று பயந்தேன்.

அவள் என் விசிறியைத் தன் பக்கம் இழுத்துச் சரிசெய்து, என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

"மறந்துட்டீங்களா?"

"ஆமா ம்மா. நெஜமா."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"பிப்ரவரி ரெண்டு," என்றாள். "பதினொன்றரைக்கு மேல."

எழுதினேன்.